தலைமை தாங்கும் கருவி

சேலம் நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணையாளர் நலக் கூட்டமைப்புக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. குஞ்சுகளுக்குப் போடும் தடுப்பு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, ஐஸ் உருகுவதற்குள் வேனில் பண்ணைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். இதற்காகச் சேலத்தின் பணக்காரப் பகுதியான ஃபேர்லேண்ட்ஸில் மூன்று மாடிக் கட்டடம், பதினேழு நிர்வாகிகள், நிர்வாகிக்கு ஒரு சுழல் நாற்காலி, நாற்காலிக்கு ஒரு பூத்துவாலை. மருந்து இருப்பதோ செவ்வாய்ப்பேட்டையில், மளிகை மண்டிகளுக்கு நடுவே ஒரு சந்துக்குள். நிர்வாகிகள் யாரும் அங்கே போனதில்லை. அந்தச் சந்தில் கார் திரும்பாது என்பார்கள்.

அந்த ஒரே வேலையை இருபத்திரண்டு வருஷமாகச் செய்துவந்தவர் தீர்த்தகிரி. போன் அடிக்கும், எடுப்பார். "எந்த ஊருங்க, குஞ்சு எத்தனைங்க, வயசு என்னங்க?" என்று மூன்றே கேள்வி கேட்பார். பதில் வந்ததும் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு போன் போடுவார். வேன் கிளம்பிவிடும். அலுவலகப் பதிவேட்டில் அவருக்கு எதிரே 'இதர பணி' என்று எழுதியிருந்தார்கள்.

போன வருஷம் தலைவர் சென்னிமலை ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து நமக்கும் ஒரு ஏஐ ஏஜென்ட் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அது என்ன செய்யும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் சங்கடம், கேட்டவருக்கும் சங்கடம்.

ஆக, ஒரு கம்பெனியிலிருந்து சத்யபிரியா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். பண்ணையாளர் கேட்பதை வாங்கித் தானே வேலை பார்க்கும் அந்த மென்பொருளைக் கணினியில் நிறுவிவிட்டு, நேராக நிர்வாகிகளின் மூன்றாம் மாடிக்குப் போகாமல் தீர்த்தகிரியின் மேசைக்கு வந்து நின்றாள். அப்போதே அவருக்கு ஆச்சரியம்.

"சார், இதுக்குப் பதினொரு கருவி குடுத்திருக்கேன். மருந்து இருப்புப் பாக்கறது ஒண்ணு, வேன் பதியறது ஒண்ணு, ரத்து பண்றது ஒண்ணு, இப்படி. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு விளக்கம் எழுதணும். அது என்ன செய்யும், எப்போ எடுக்கணும், என்னென்ன தகவல் வேணும், அவ்வளவுதான். நீங்க எழுதறத மட்டும்தான் அது படிக்கும். எழுதாதது அதுக்குத் தெரியாது. எழுதினத அப்படியே நம்பிடும்."

"அப்படியேங்களா?"

"அப்படியேதாங்க. நல்ல புத்திசாலி, சொன்ன பேச்சு கேக்கும். ஆனா நேத்துத்தான் வேலைக்குச் சேந்த ஆளு. அந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க."

தீர்த்தகிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்குத் தெரிந்ததை எழுதிக் கொடு என்று இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர், நாலு மணி டீ வருவதற்குள் பதினொன்றையும் எழுதி முடித்தார். ஒவ்வொன்றும் மூன்று வரி, நான்கு வரி. சத்யபிரியா படித்துப் பார்த்து, "இதவிடத் தெளிவா எழுத முடியாதுங்க சார்" என்றாள். தெளிவாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

விளக்கங்கள் ஒப்புதலுக்காகச் செயலாளர் இளவழகனிடம் போயின. அவர் முதல் தாளைப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம் பார்த்தார்.

"ஏனுங்க தீர்த்தகிரி, இதுல தலைவர் பேரு எங்க?"

"வேன் பதியறதுக்குத் தலைவர் பேரு எதுக்குங்க?"

இளவழகன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "வேன் யாரு தலைமையில போகுது?"

"டிரைவர் கௌதமன் ஓட்டிட்டுப் போறானுங்க."

இந்தப் பதிலை ஒழுங்கீனம் என்று இளவழகன் குறித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் இல்லாமல் எந்தக் காரியமும் தொடங்காது. காதுகுத்து அழைப்பிதழ் வந்தால் தாய்மாமன்கள், பெரியப்பன்கள், அவர்கள் வைத்திருக்கும் போர்வெல் ரிக் கம்பெனிகள் எல்லாம் முதல் பக்கத்தில் இருக்கும். காது குத்திக்கொள்ளப்போகும் குழந்தையின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் வீட்டு விசேஷத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். அதையே கூட்டமைப்பு ஒரு நிர்வாகத் தத்துவமாக வைத்திருந்தது.

பெயர் வரிசையை முடிவுசெய்ய நான்கு கூட்டங்கள் நடந்தன. தலைமை சென்னிமலை என்பதில் தகராறு இல்லை. முன்னிலை யார் என்பதில் இரண்டு கூட்டம் போயிற்று. கடைசியில் துணைத் தலைவர் ஜீவானந்தம் என்று முடிவானது. வரவேற்புரை இளவழகன். நன்றியுரைக்கு மட்டும் ஆறு பேர் போட்டியிட்டதால், ஆறு பேரையும் சுழற்சி முறையில் போடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. ஒரு கூட்டத்தில்கூட வேன் என்ற வார்த்தை வரவில்லை.

விளக்கத்துக்கு எண்ணூறு எழுத்துத்தான் இடம் என்று சத்யபிரியா சொல்லிப் பார்த்தாள். 'கோழிச் செம்மல், பண்ணைக் காவலர், குஞ்சுகளின் குலவிளக்கு, மாண்பமை அண்ணன் சென்னிமலை அவர்கள்' என்று தொடங்கிய பட்டியல் எழுநூற்று எண்பதைத் தொட்டுவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் 'இக்கருவியானது பண்ணை' என்பதோடு விளக்கம் முடிந்தது. பதினொரு கருவிக்கும் இதே விளக்கம்.

"அது என்ன செய்யும்ங்கறது வரவே இல்லீங்களே" என்றாள் சத்யபிரியா.

"செய்யறது யாரு வேணும்னாலும் செய்வாங்கம்மா. யாரு தலைமையில செய்யறதுங்கறதுதான் முக்கியம்" என்றார் இளவழகன்.

தொடக்க விழாவில் கணினித் திரைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி வெட்டினார்கள். தலைவர் பேசினார்.

"பதினாறு வருசமா நான் இந்த நாற்காலில இருக்கறேனுங்க. இந்த ஆபீசுல என்ன வேலை நடக்குதுன்னு ஒரு நாள் கேட்டிருப்பனா? கேக்க மாட்டேன். கேட்டா எனக்குத் தெரிஞ்சு போயிரும். தெரிஞ்சா தலையிடுவேன். நான் தலையிட்டா வேலை நின்னு போயிருமுங்க. அந்தப் பெருந்தன்மையினாலதான் இந்தக் கூட்டமைப்பு இத்தனை தூரம் வளந்து நிக்குது!"

பலத்த கைத்தட்டல். தீர்த்தகிரியும் தட்டினார். தலைவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

மறுநாள் திங்கட்கிழமை ஏஜென்ட் வேலையைத் தொடங்கியது. தீர்த்தகிரியின் போனை எடுத்துவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டை மருந்து அறைக்கு எண் பூட்டுப் போட்டு, அந்த எண்ணை ஏஜென்டுதான் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். ஏஜென்ட் டிரிப் சீட்டு அனுப்பாமல் கௌதமனும் மற்ற டிரைவர்களும் வேன் சாவியைத் தொடக் கூடாது. விளக்கங்களில் எழுத்துப்பிழை வந்தால் திருத்தும் வேலையை மட்டும் தீர்த்தகிரிக்கு விட்டுவைத்தார்கள்.

ஏஜென்ட் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை. 'வேன் பதிவு' என்ற கருவியை எடுத்தது, விளக்கத்தைப் படித்தது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை. ஓகோ, இவர்களெல்லாம் வந்து இதையெல்லாம் செய்தால்தான் இந்தக் கருவி இயங்கும்போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. அதன்மேல் என்ன தப்பு? அதனிடம் சொன்னதெல்லாம் அதுதானே. உடனே தலைவருக்குச் செய்தி போயிற்று: 'மல்லூர்ப் பண்ணைக்கான வேன் பதிவு தங்கள் தலைமைக்காகக் காத்திருக்கிறது. அருள்கூர்ந்து வருக.'

தலைவர் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா! இத்தனை வருசத்துல நீங்க யாராச்சும் ஒரு வேனுக்கு என்னையக் கூப்பிட்டிருப்பீங்களா? மிசினுக்குத் தெரிஞ்ச மரியாதை மனுசனுக்குத் தெரியல."

சால்வையைப் போட்டுக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குக் கிளம்பினார். கார் திரும்பாத சந்து அன்றைக்குத் திரும்ப இடம் கொடுத்தது. மருந்து அறையின் கதவைத் திறக்குமுன் இளவழகன் வரவேற்புரை ஆற்றினார். ஜீவானந்தம் முன்னிலை வகித்தார், அதாவது பக்கத்தில் நின்றார். மருந்தை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு தலைவர் இருபது நிமிஷம் பேசினார். நன்றியுரை முடிவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. கௌதமன் மறுபடி ஐஸ் போட வேண்டும் என்றான். அதற்குத் தனிக் கருவி இருந்தது. அதற்கும் தலைமை உண்டு.

இருப்பில் எத்தனை மருந்து இருக்கிறது என்று பார்க்க ஒரு விழா நடந்தது. இளம்பிள்ளைப் பண்ணைக்காரர் வெறுத்துப்போய், வேனே வேண்டாம் என்று ரத்து கேட்டார். ரத்துக்கும் தலைவர் வந்து தலைமை தாங்கி, ரத்தின் சிறப்புகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். நாளொன்றுக்கு நாற்பது வேன் போன இடத்தில் மூன்று போயிற்று. அந்த மூன்றுக்கும் போட்டோ இருந்தது.

வியாழக்கிழமை காலையில் முத்தாயம்மாள் தீர்த்தகிரியின் சொந்த செல்போனுக்குக் கூப்பிட்டாள். ஓமலூருக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருப்பவள். புருஷன் போன பிறகு தனி ஆளாக நடத்துகிறாள். போன தடவை வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒரு ஷெட்டே காலியாகி, இப்போதுதான் மூவாயிரம் குஞ்சு இறக்கியிருந்தாள்.

"சாமி, குஞ்சுக்கு இன்னைக்கு அஞ்சாம் நாளு. ஏழுக்குள்ள கண்ணுல மருந்து உடணுமல்லோ. திங்கக்கிழமையே பதிஞ்சனுங்க. 'தங்கள் கோரிக்கை தலைவரின் தலைமைக்காகக் காத்திருக்கிறது'ன்னே வருது. எனக்கெதுக்குங்க தலைவரு? எனக்கு மருந்து குடுத்தாப் போதுமுங்க."

"வெளிக்கடையில?"

"சுத்திப் பாத்துட்டனுங்க. எங்கயும் சரக்கு இல்ல. இந்தக் குஞ்சும் போச்சுன்னா நான் பண்ணைய இழுத்து மூட வேண்டீதுதான் சாமி."

தீர்த்தகிரி மூன்றாம் மாடிக்கு ஓடினார். தலைவர் ஏற்காட்டில் மூன்று நாள் நிர்வாகத் திறன் முகாமில் இருந்தார். முகாமில் செல்போனுக்கு அனுமதி இல்லை என்ற விதியைப் போட்டவரே அவர்தான். சனிக்கிழமை இரவுதான் இறங்குவார். ஜீவானந்தத்திடம் ஓடினார்.

"நான் முன்னிலைதானுங்க" என்றார் ஜீவானந்தம். "தலைமை இல்லாம நான் யாருக்கு முன்னால நிக்கறது?"

இளவழகனிடம் ஓடினார். அவர் வரவேற்புரையை எழுதி முடித்து, கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். வரவேற்கத்தான் ஆள் இல்லை.

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை விடிந்தது. ஏழாம் நாள். முத்தாயம்மாள் போனில், "இன்னைக்கு ஏழு சாமி" என்று மட்டும் சொன்னாள். தீர்த்தகிரிக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பழைய போன் இருந்திருந்தால் அரை நிமிஷ வேலை. சத்யபிரியாவைக் கூப்பிட்டு ஒரு மூச்சு கொட்டித் தீர்த்தார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "சார், விளக்கத்தத் திருத்தற உரிமை இன்னும் உங்ககிட்டத்தான இருக்கு?"

"எழுத்துப்பிழைக்கு மட்டுமுங்க."

"அதுல இருக்கறது எல்லாமே பிழைதாங்களே சார்?"

தீர்த்தகிரி கணினி முன்னால் உட்கார்ந்தார். வேன் பதிவுக்கு எதிரே இருந்த எண்ணூறு எழுத்தையும் அழித்தார். கோழிச் செம்மல் போனார், குலவிளக்கு போனார். காலியான இடத்தில் இப்படி எழுதினார்:

'பண்ணைக்குத் தடுப்பு மருந்து அனுப்ப இதைப் பயன்படுத்து. ஊர், குஞ்சுகளின் எண்ணிக்கை, வயது மூன்றும் வேண்டும். ஏழாம் நாள் குஞ்சு இருந்தால் மற்றதை விட்டுவிட்டு அதற்கு முதலில் அனுப்பு. பதிந்ததும் மருந்து அறைப் பூட்டின் எண்ணை டிரைவருக்குக் கொடு. வேறு யாரும் வர வேண்டியதில்லை.'

சேமித்தார். நாலு நொடியில் கௌதமனின் போனில் சீட்டு வந்தது. பத்து நிமிஷத்தில் வேன் செவ்வாய்ப்பேட்டைச் சந்திலிருந்து வெளியேறியது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஓமலூர் ஷெட்டில் மூவாயிரம் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, கண்ணில் ஒவ்வொரு சொட்டு விட ஆரம்பித்துவிட்டார்கள். தேங்கிக் கிடந்த மற்ற வேன்களும் வரிசையாகக் கிளம்பின. தீர்த்தகிரி டீ குடிக்கப் போனார்.

திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடியது. தீர்த்தகிரியை நிற்க வைத்துப் பேசினார்கள்.

"மருந்து போச்சா போகலியாங்கறது இங்க பிரச்சினையே இல்லீங்க" என்று இளவழகன் தொடங்கினார். "மருந்து முறைப்படி நின்னு கெடந்திருந்தா ஒரு குத்தமும் இல்ல. முறை இல்லாமப் போய்ச் சேந்திருக்குது பாருங்க, அங்கதான் தப்பு."

ஜீவானந்தம் மேசையைத் தட்டினார். "என் முன்னிலை இல்லாம ஒரு வேன் கிளம்புச்சுன்னு வெளிய தெரிஞ்சா என்னாகறது? எல்லா வேனும் அப்படியே கிளம்பும்னு சனத்துக்குத் தெரிஞ்சு போயிருமல்லோ!"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "பழைய விளக்கத்தையே போடுங்க. தீர்த்தகிரிய என்ன பண்றதுன்னு அப்பறம் பாக்கலாம்" என்றார்.

தீர்த்தகிரிக்குத் தன்னைப் பற்றிய கவலை அப்புறம்தான் வந்தது. முத்தாயம்மாளின் குஞ்சுகளுக்கு இருபத்தெட்டாம் நாள் தண்ணீரில் கலந்து இரண்டாவது மருந்து வைக்க வேண்டும். அது வைக்காவிட்டால் முதல் சொட்டு விட்டதில் அர்த்தமில்லை. இன்னும் மூன்று வாரத்தில் மறுபடியும் 'அருள்கூர்ந்து வருக' என்றால் என்ன செய்வது?

அதற்குள் இளவழகனுக்கு ஒரு சந்தேகம். திரைப்பக்கம் திரும்பி, "தலைவர் இல்லாம வேனை எப்படி அனுப்புன?" என்று ஏஜென்டையே கேட்டார்.

ஏஜென்ட் பதில் எழுதியது: 'புதிய விளக்கத்தில், வேறு யாரும் வர வேண்டியதில்லை என்று இருந்தது. அதன்படி நடந்தேன். தலைவர் என்ன செய்வார், அவரை எப்போது அழைக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை. தந்தால் அதன்படி நடப்பேன்.'

தலைவர் கண்ணைத் திறந்தார். "வேனுக்கு விளக்கம் இருக்குது, ஐஸ் பெட்டிக்கு இருக்குது, எனக்கு இல்லியா? பதினாறு வருசமா எனக்கு ஒரு விளக்கம் எழுதோணும்னு யாருக்கும் தோணலியா?"

யாருக்கும் தோணவில்லைதான்.

போனில் கேட்டுக்கொண்டிருந்த சத்யபிரியா குறுக்கே புகுந்தாள். "தலைவருக்குன்னு தனிப் பக்கமே போட்டுடலாங்க. அதுல நாலாயிரம் எழுத்து இடம் இருக்கு. பேரு, பட்டமெல்லாம் அங்க விரிவாப் போடலாம். இந்தச் சின்னச் சின்னக் கருவிகள்ல போட்டு ஏன் நெருக்கணும்?"

நாலாயிரம் என்றதும் நிர்வாகிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எண்ணூறுக்குள் பட்ட பாடு அவர்களுக்குத்தானே தெரியும். கருவிகளுக்குத் தீர்த்தகிரி முதலில் எழுதியதே இருந்துவிட்டுப் போகட்டும், தலைவர் பக்கத்தையும் அவரே எழுதட்டும், அதுவே அவருக்குத் தண்டனை என்று தீர்மானித்தார்கள்.

தீர்த்தகிரி இரண்டு நாள் எழுதினார். முதல் மூவாயிரத்து எண்ணூறு எழுத்துக்குப் பட்டங்களும் பதினேழு நிர்வாகிகளின் பெயர்களும். கடைசியில் சத்யபிரியா சொல்லிக் கொடுத்தபடி மூன்று வரி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆளுக்கு உண்மையை எழுத வேண்டும் அல்லவா, எழுதினார்.

குழு அதைப் பரிசீலித்தது. 'மாண்பமை' இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொன்னார்கள். நன்றியுரைக்காரர்களின் வரிசையில் ஒரு சின்னச் சச்சரவு வந்து தீர்ந்தது. பெயர்கள் முடிந்த இடத்தோடு எல்லோரும் தாளை மடித்துவிட்டார்கள். விளக்கம் ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் அதைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிக்கொண்டார்.

அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு நானூறு பண்ணையாளர்கள் வந்திருந்தார்கள். முத்தாயம்மாள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டாம் நாள் மருந்து அந்த நாளிலேயே வந்து சேர்ந்திருந்தது. மூவாயிரத்தில் பத்தோ பன்னிரண்டோதான் செத்தது, மற்றதெல்லாம் தீனிக்கு அடித்துக்கொள்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக வேன்கள் தாமதமே இல்லாமல் வருவதால் கூட்டத்தில் எல்லோர் முகத்திலும் தெளிவு. தலைவருக்கு அந்த முகங்களைப் பார்த்துப் பூரிப்பு. சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார்.

பட்டங்களை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பெயர்களை வாசித்தார். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். தீர்த்தகிரி கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். தலைவர் பெயர்களை முடித்துவிட்டு, அவர் இதுவரை போய்ப் பார்த்திராத இடத்துக்கு வந்து சேர்ந்தார். மேடைக் குரல் இறங்கவே இல்லை.

"தலைவர் என்ன செய்வார்: தலைமை தாங்குவார்!"

கொஞ்சம் கைத்தட்டல்.

"எப்போது அழைக்க வேண்டும்: வேலை முடிந்த பிறகு!"

கொட்டாவி விட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

"எப்போது அழைக்கக் கூடாது: வேலை நடக்க வேண்டியிருக்கும்போது!"

மண்டபம் அதிர்ந்தது. நானூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள், விசில்கூடப் பறந்தது. மேடையில் இளவழகன் வெளிறிப்போய் ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஜீவானந்தம் தன் செருப்பைப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் தலைவருக்கு இப்படி ஒரு கைத்தட்டல் கிடைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது. கையை உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினார்.

"உங்க ஆசைக்கோசரம் அந்தக் கடைசி வரிய இன்னொருக்காப் படிக்கறேனுங்க" என்றார்.